முகப்பில் உள்ள பெயரை மறைக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் தாய்மொழி நாளன்று மிலாடினோவ் சகோதரர்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாசிடோனிய நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர்கள் என்று குறிப்பு எழுதிய பிறகுதான், அவர்களுடைய நூலின் பெயர் ‘பல்கேரிய நாட்டுப்புறப் பாடல்கள்’ என்பது தெரிந்தது. கேட்பவர்கள் குழம்புவார்கள், அதை விட்டுவிடு என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். 1861-இல் ஜாக்ரெப் நகரில் அச்சான அந்த நூலின் முகப்பில் இருப்பது அந்தப் பெயர்தான். ஆனால் பேச்சை அங்கே தொடங்கவும் வேண்டாம். பாடல்களுக்கு முன்னால், அவர்கள் எந்த நாட்டவர் என்ற வழக்கு வந்து நின்றுவிடும்.

இன்றைய வடக்கு மாசிடோனியாவில், ஓஹ்ரிட் ஏரிக்கரையில் உள்ள ஸ்ட்ருகாவில் தொடங்குங்கள். அங்கே ஒரு குயவர் வீட்டில் மூத்தவராகப் பிறந்தவர் டிமிடார். அவருக்கு இருபது ஆண்டுகள் இளையவர் கடைக்குட்டி கான்ஸ்டன்டின். அன்று அந்த மண் உதுமானியப் பேரரசின் கீழ் இருந்தது. வீட்டில் ஸ்லாவிய மொழி பேசிய பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் கோயிலிலும் கிரேக்கமே வாய்த்தது. டிமிடாரே கிரேக்கம் படித்து, கிரேக்கம் கற்பித்தவர்தான். 1845-இல் ரஷ்ய அறிஞர் விக்டர் கிரிகோரோவிச் ஓஹ்ரிடுக்கு வந்து அவரைச் சந்தித்த பிறகு, மக்கள் வாயிலிருந்த பாடல்களைத் தேடி எழுதுவதிலும், சொந்த மொழியைப் பள்ளிக்குள் கொண்டுவருவதிலும் அவர் முனைந்தார்.

நான் உங்களை நிதானமாகச் சொல்லச் சொல்வது அடுத்த பகுதியை. மாஸ்கோவில் படித்த கான்ஸ்டன்டின், பாடல்களின் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு, அச்சிட உதவி வேண்டிக் குரோவேசிய ஆயர் ஸ்ட்ரோஸ்மாயரை அணுகினார். அந்தப் படி இருந்தது கிரேக்க எழுத்தில்! கிரேக்கத்தின் பிடியிலிருந்து தம் மொழியை மீட்க நினைத்தவர்கள், பள்ளியில் கற்ற எழுத்து அதுவாக இருந்ததால், தம் பாட்டிமார் பாடியதை அதே எழுத்தில்தான் குறித்து வைத்திருந்தார்கள். ரஷ்யம், பல்கேரியம் போன்ற மொழிகளை எழுதும் சிரிலிக் எழுத்துக்கு அதை மாற்றச் சொன்னார் ஆயர். 660 பாடல்கள், இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட நூல் அப்படித்தான் அச்சேறியது. ஒரு மொழி எப்படி ஒடுங்கிக் கிடந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

நூல் வந்த அதே ஆண்டில் டிமிடார் கைதாகி இஸ்தான்புல்லுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அண்ணனை மீட்கப் போன தம்பியும் சிறைப்பட்டார். 1862 ஜனவரியில், சில நாள் இடைவெளியில், இருவரும் சிறையிலேயே இறந்தார்கள்.

இனிப் பெயருக்கு வாருங்கள். பாடல்களில் பெரும்பாலானவை மாசிடோனியாவில் திரட்டியவை. கொஞ்சம் பல்கேரியப் பகுதிகளிலிருந்து வந்தவை. அந்தக் காலத்தில் அங்கிருந்த ஸ்லாவியர்களில் பலர் தங்களைப் பல்கேரியர் என்றே சொல்லிக்கொண்டார்கள். சகோதரர்களும் தம் மொழியை அப்படித்தான் அழைத்தார்கள். மாசிடோனிய மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து வழக்கு அமைந்தது 1944, 1945-இல். இன்று இரு நாடுகளும் அவர்களைத் தம்மவராகக் கொண்டாடுகின்றன. ‘மாசிடோனிய மண்ணின் பாடல்களைத் திரட்டி, அவற்றைப் பல்கேரியப் பாடல்கள் என்று வெளியிட்டவர்கள்’ என்று நீங்கள் சொன்னால், அதில் ஒரு சொல்லும் பொய்யாகாது. கேட்பவர்கள் குழம்பமாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். அப்போது 1861-ஐயும் 1945-ஐயும் அருகருகே வைத்துச் சொல்லுங்கள்.

ஸ்ட்ருகாவில் ஆண்டுதோறும் நடக்கும் கவிதை விழா, கான்ஸ்டன்டின் மாஸ்கோவில் எழுதிய ‘தெற்கை நோக்கிய ஏக்கம்’ கவிதையை வாசித்தே தொடங்குகிறது. குளிரில் கிடந்தவர், கழுகின் சிறகு கிடைத்தால் பறந்துபோய், அங்கேயும் சூரியன் இப்படி இருண்டுதான் எழுகிறதா என்று பார்ப்பேன் என்கிறார். அந்தக் கருத்தைச் சொல்லி நீங்களும் தொடங்கலாம். நேரம் போதவில்லை என்றால் சிறைப் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். கிரேக்க எழுத்துப் படியின் கதையை மட்டும் சுருக்க வேண்டாம்.