வயிற்றைச் சரிசெய்தால் கண் வறட்சி போய்விடுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஷோகிரென் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் என்று சொல்லி இரண்டு வருடமாக ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மாத்திரையும் சைக்ளோஸ்போரின் கண் சொட்டு மருந்தும் கொடுக்கிறார்கள். இப்போது ஒருவர், குடல் பாக்டீரியா கெட்டதுதான் கண் வறட்சிக்கு மூலம் என்கிறார். மலப் பரிசோதனையும் ஆறு மாத ப்ரோபயாட்டிக்கும் (நல்ல பாக்டீரியா மாத்திரை) சேர்த்து ஒரு பேக்கேஜ், மூன்றாவது மாதத்திலிருந்து சொட்டு மருந்தே வேண்டாமாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சொட்டு மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

தொல்லை என்னவென்றால், அவர் சொல்வதில் பாதி உண்மை. முழுப் பொய் என்றால் நீங்களே சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். குடலில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. உடம்பு தன்னையே தாக்காமல் பார்த்துக்கொள்ளும் வெள்ளணுக்களுக்கு அது துணை. ஷோகிரென் நோயாளிகள் பலரிடம் இந்த வகை பாக்டீரியா குறைவாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடம் குடல் பாக்டீரியா வகைகளும் குறைவு என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கிருமியே இல்லாமல் வளர்த்த சில ரக எலிகளுக்குக் கண்ணீர்ச் சுரப்பி அதிகம் கெட்டது, சாதாரண எலியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்ததும் கொஞ்சம் தேறியது.

எலி சரி, மனிதருக்கு? இந்த வகைக் கண் வறட்சி இருந்த 10 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து 5 பேர் தேவலை என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பெயருக்குப் போலி சிகிச்சை பெற்ற இன்னொரு குழு அதில் இல்லை. இது ஏன் முக்கியம் என்றால், 2018இல் கண் வறட்சிக்கு மீன் எண்ணெய் மாத்திரையை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் 61 சதவீதம் பேருக்குத் தொந்தரவு நன்றாகக் குறைந்தது. ஆஹா என்று தோன்றும். வெறும் ஆலிவ் எண்ணெய் வாங்கியவர்களில் 54 சதவீதம் பேருக்கும் அப்படியே குறைந்திருந்தது! எதையாவது விழுங்கினாலே பாதிப் பேருக்கு மேல் தேவலைதான் என்கிறார்கள்.

இன்னொன்று, வாய் உலர்ந்தவர்கள் சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள், நெஞ்செரிச்சல் மாத்திரை, ஆன்டிபயாட்டிக் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், இதெல்லாமே குடலை மாற்றும். ஆக எதனால் எது வந்தது என்று இன்னும் தீர்க்கமாகத் தெரியாது.

அந்த மலப் பரிசோதனை பற்றி. சர்க்கரைக்கு இருப்பது போல இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட 'நார்மல்' அளவு கிடையாது. இன்று கொடுத்தால் ஒரு கணக்கு, அடுத்த மாதம் வேறு, வேறொரு லேபில் இன்னொன்று. வண்ணப் பட்டைகள் போட்டு இருபது பக்கம் அச்சடித்துத் தருவார்கள், கடைசிப் பக்கத்தில் மாத்திரைப் பெயர் இருக்கும். பரிசோதிப்பவரே மருந்தும் விற்றால் உங்களுக்குக் குறை இல்லை என்று எந்த ரிப்போர்ட்டும் வராது, என் அனுபவத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

ப்ரோபயாட்டிக் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, காசுதான் போகும். ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். மாத்திரைக்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. நோய் எதிர்ப்பை அமுக்கும் மருந்து, அதாவது ரிட்டுக்ஸிமாப், மைகோஃபீனோலேட், அதிக அளவு ஸ்டீராய்டு போன்றவை எடுப்பவர்களுக்கு அது அபூர்வமாக ரத்தத்தில் இறங்கிவிடலாம். பெரிய ரத்தக் குழாயில் டியூப் போட்டிருப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். உங்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் இந்தக் கணக்கில் வராது. ஆனால் நாளை உங்கள் வாத நோய் மருத்துவர் மருந்தை மாற்றினால் வரும், அப்போது வீட்டில் மிச்சமிருக்கும் டப்பாவை எடுத்து விழுங்கக் கூடாது. ஸ்டீராய்டு இடையில் பத்து நாள் மட்டும் கொடுத்தாலும் கேட்டுவிட்டே எடுங்கள். விற்பவர் இதையெல்லாம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. 1933இல் இந்த நோயை விரிவாக எழுதிய ஹென்ரிக் ஷோகிரென் ஒரு கண் மருத்துவர், கண்ணோடு வாயையும் மூட்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அவருக்குப் பிடிபட்டது. இன்று கண்ணுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், ஆளுக்கு ஐந்து நிமிடம், ஃபைலைச் சுமப்பது நோயாளி. உட்கார்ந்து அரை மணி பேசுகிறவர் பேக்கேஜ் விற்பவர் மட்டும்தான் என்றால் நோயாளி அவரிடம் போகத்தான் செய்வார்.

சைக்ளோஸ்போரின் பலன் தெரியவே மாதக்கணக்காகும், அவசரப்படாதீர்கள். கூடவே செயற்கைக் கண்ணீரை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுகிறீர்கள் என்றால் பிரிசர்வேட்டிவ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டுகளைக் கடையில் நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். தானியம், பருப்பு, காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம், அதற்கு யாருடைய பரிசோதனையும் வேண்டாம். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி வடியாமலே இருந்தாலோ, கண்ணில் வலி வந்து வெளிச்சம் கூசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

அந்த ஆளுக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். மல மாதிரியைக் கொடுத்த பிறகு கேட்டால் 'டெஸ்ட் ஆரம்பித்துவிட்டோம்' என்பார்.