பார்ட்டிக்குப் பேர் போன பல்கலையில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

அமெரிக்க ஸ்டேட் யுனிவர்சிட்டிகளில் இடம் கிடைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும் பார்ட்டி, குடி என்ற ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் மகளுக்கு இல்லினாய் பல்கலையிலும் (அர்பானா-ஷாம்பெய்ன்) விஸ்கான்சின் மேடிசனிலும் பி.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார், "ரெண்டுமே பார்ட்டி ஸ்கூல் அண்ணி, பொண்ணை அங்க அனுப்பாதீங்க" என்கிறார். என்ன செய்வது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நாத்தனார் சொல்வது பொய்யில்லை. பிரின்ஸ்டன் ரிவ்யூ என்ற நிறுவனம் வெளியிட்ட பார்ட்டி ஸ்கூல் பட்டியலில் 2005-லும் 2016-லும் மேடிசன் முதலிடம்; 2015-ல் இல்லினாய் முதலிடம். (பிரின்ஸ்டன் பல்கலைக்கும் இந்த நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை.) ஆனால் அந்தப் பட்டியல் எப்படித் தயாரானது என்று பாருங்கள். உங்கள் கல்லூரியில் பீர் எவ்வளவு ஓடுகிறது, போதைப்பொருள் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள், ஃபிரெட்டர்னிட்டி என்ற ஆண் மாணவர் சங்கங்களுக்கு எவ்வளவு மவுசு என்று மாணவர்களிடமே கேட்டு, பதில்களைக் கூட்டிப் போட்டார்கள். பேராசிரியர், பாடத்திட்டம், ஆராய்ச்சி எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது.

படிப்பின் கணக்கு தனி. ஜான் பார்டீன் 1972-ல் தன் இரண்டாவது இயற்பியல் நோபலை வாங்கியது இல்லினாயில் இருந்தபடி. படங்களோடு இணையத்தைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்த மொசைக் பிரவுசர் 1993-ல் அங்கேதான் உருவானது. ஹர் கோவிந்த் குரானாவுக்கு 1968-ல் நோபல் வாங்கித் தந்த மரபணுக் குறியீட்டு ஆராய்ச்சி மேடிசனில் நடந்தது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அதே ஊர், 1998-ல். சேர்ந்த மாணவர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வரும் விகிதம் இரண்டு இடத்திலும் 90 சதவீதத்துக்கு மேல். பிள்ளைகள் கும்பலாகக் குடித்துக் கெட்டுப்போகிற இடமாக இருந்தால் இந்த எண் இப்படி நிற்காது.

பார்ட்டி என்பது ஒரு தெருவும் சில தேதிகளும். ஷாம்பெய்னில் அது கிரீன் ஸ்ட்ரீட். மார்ச் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை 'அன்அஃபிஷியல்' என்ற பெயரில் காலையிலேயே குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குடியோடு கொண்டாடும் செயின்ட் பேட்ரிக் நாள் விடுமுறை வாரத்தில் விழுந்து வியாபாரம் போகிறதே என்று, 1995-ல் மதுக்கடைக்காரர்கள் முன்கூட்டியே வைத்த பண்டிகை அது. அதே தெருவுக்கு வடக்கே பொறியியல் வளாகம். அதன் நூலகத்தில் அதே இரவு இடம் பிடிக்க அலைவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாலைதான். மேடிசனில் ஏப்ரல் கடைசியில் மிஃப்ளின் தெரு, அக்டோபரில் ஹாலோவீனுக்கு ஸ்டேட் ஸ்ட்ரீட். இந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாமல் இருப்பது ஒன்றும் பெரிய தவம் இல்லை.

ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஷாம்பெய்ன் நகரில் மது வாங்க 21 வயது ஆகவேண்டும், ஆனால் பாருக்குள் நுழைய 19 போதும். ஆகவே இரண்டாம் ஆண்டுப் பிள்ளை பாருக்குப் போவது சட்டப்படி தப்பில்லை. கையில் கிளாஸ் இருந்தால்தான் தப்பு. மகளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

பார்ட்டியை விட நீங்கள் பயப்பட வேண்டியது சேர்க்கைக் கடிதத்தில் இருக்கிறது. மேஜர் (முதன்மைப் பாடம்) என்ற இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றே இருக்கிறதா, இல்லை 'அன்டிக்ளேர்டு' (பாடம் முடிவாகவில்லை) என்று இருக்கிறதா? இல்லினாயில் வேறு பிரிவில் சேர்ந்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுவது குதிரைக்கொம்பு.

கேள்வி: குடி, கைது இதையெல்லாம் எண்ணிக்கையாகப் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்க மனமில்லை. – வாசகர், மதுரை

பதில்: இருக்கிறது. கிளெரி சட்டம் என்று 1990-ல் வந்த மத்திய சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். கல்லூரிப் பெயரோடு 'ஆனுவல் செக்யூரிட்டி ரிப்போர்ட்' என்று தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். கடைசி மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். அதில் 'லிக்கர் லா' என்ற வரிசையைப் பிடியுங்கள். இரண்டு எண் இருக்கும்: போலீஸ் கைது ஒன்று, கல்லூரியே ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பியது இன்னொன்று. விடுதிக்குள் நடந்தது தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும்.

இப்போது வகுத்தல் கணக்கு. விடுதியில் 8,000 பேர், ஒழுங்கு நடவடிக்கை 400 என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்துக்கு 50. மொத்த எண்ணை அப்படியே ஒப்பிட்டால் பெரிய பல்கலை எல்லாம் மோசமாகத்தான் தெரியும்.

இந்த அறிக்கையை நம்பி ஏமாறுகிற இடம் மூன்று. முதலாவது, எண் அதிகமாக இருப்பது கண்டிப்பான வார்டன்களாலும் இருக்கலாம். கண்டுகொள்ளாத கல்லூரியில் எண் குறைவாகவே இருக்கும். அதனால் ஒரே ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டும் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இரண்டாவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதும், போதையில் தெருவில் கிடந்ததும் 'லிக்கர் லா' கணக்கில் சேராது. மூன்றாவது, முக்கியமானது: வளாகத்துக்கு வெளியே தனியார் வீடுகளில் நடப்பது இதில் வராது. கலிஃபோர்னியா பல்கலையின் சான்டா பார்பரா வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ட்டி முழுக்க பக்கத்திலிருக்கும் ஐலா விஸ்டா என்ற குடியிருப்பில். கடலைப் பார்த்த டெல் பிளாயா சாலையில் வாடகை வீடுகள், பின்பக்கம் செங்குத்தான மண் பாறை, கீழே கடற்கரை. போதையில் அங்கிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. 2014 ஏப்ரலில் 'டெல்டோபியா' தெருக் கூத்து கலவரமாகவே முடிந்தது. வளாக அறிக்கையில் இதன் முழு உருவம் தெரியாது. ஆனால் அதே வளாகத்தில் இயற்பியல், வேதியியல் நோபல் வாங்கியவர்களின் வரிசை நீளம்: வால்டர் கோன், ஹெர்பர்ட் குரோமர், ஆலன் ஹீகர், டேவிட் கிராஸ், நீல எல்.இ.டி. கண்ட ஷூஜி நகமுரா. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "இரண்டாம் ஆண்டில் எங்கே வீடு எடுப்பாய்?" என்பதுதான்.

படிப்புப் பக்கத்துக்கு 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தைத் தேடுங்கள். பல்கலைகள் பெரும்பாலும் ஒரே வடிவில் வெளியிடுகின்றன. பி பிரிவில் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்புவோர் விகிதமும் 6 ஆண்டுகளுக்குள் பட்டம் முடிப்போர் விகிதமும். எஃப் பிரிவில் ஃபிரெட்டர்னிட்டி, சொராரிட்டியில் (மாணவிகள் சங்கம்) சேர்வோர் சதவீதம், கல்லூரி விடுதியில் தங்குவோர் சதவீதம். ஐ பிரிவில் வகுப்புகளின் அளவு. மாணவர்–ஆசிரியர் விகிதம் 17-க்கு 1 என்று போட்டிருப்பார்கள், மயங்காதீர்கள். அதற்குக் கீழே 100 பேருக்கு மேல் உட்காரும் வகுப்புகள் எத்தனை என்று இருக்கும், அதைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, காசில்லாதது. பல பல்கலைகளின் வகுப்பு அட்டவணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பிள்ளை சேரப்போகும் துறையில் வெள்ளிக்கிழமை காலை எத்தனை வகுப்பு, லேப், தேர்வு இருக்கிறது? அமெரிக்க மாணவருக்கு வார இறுதி வியாழன் இரவே தொடங்கிவிடும். வெள்ளி காலை எட்டு, ஒன்பது மணிக்கு வேலை வைக்கிற துறையில் அந்த வியாழன் தானாக அடங்கும்.

கேள்வி: எம்.எஸ். படிக்க அரிசோனா ஸ்டேட் போகிறேன். பார்ட்டி ஸ்கூல் என்ற பெயர் வேலைக்கு இடைஞ்சலாகுமா? – வாசகர், சேலம்

பதில்: ஆகாது. அந்தப் பேச்சு பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களைப் பற்றியது. எம்.எஸ். மாணவருக்குத் தலைவலி வாடகையும் அசைன்மென்ட்டும்தான். பல்கலை இருக்கும் டெம்பியில் மில் அவென்யூவை ஒட்டி வீடு எடுக்காதீர்கள், தூக்கம் போகும்.

கேள்வி: 21 வயது ஆகாத மாணவன் பீர் கேனோடு பிடிபட்டால் விசா போய்விடுமா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: எதில் பிடிபட்டான் என்பதைப் பொறுத்தது.

நகராட்சி போலீஸ் கொடுக்கும் அபராதச் சீட்டு பெரும்பாலும் கைது இல்லை. ஆனாலும் உடனே ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகலாம். பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டிகள் பலவற்றில் மாணவர் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது, அதன் செலவு பெரும்பாலும் செமஸ்டர் கட்டணத்திலேயே அடக்கம். சீட்டோடு முதலில் அங்கே போகவேண்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால் கதை வேறு. தீர்ப்பு வருவதற்கு முன்பே, கைதை வைத்தே தூதரகம் விசாவை ரத்து செய்ய முடியும். செய்தி மின்னஞ்சலில் வரும். விசா ரத்தானதாலேயே உள்ளே இருப்பவரின் மாணவர் நிலை பொதுவாகத் தானாகப் போய்விடாது. ஆனால் ஊருக்கு வந்தால், தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை முடித்துப் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. விசா விண்ணப்பமான டி.எஸ்.-160-ல் 'எப்போதாவது கைதானதுண்டா' என்ற கேள்விக்கு, வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் 'ஆம்' என்றுதான் எழுதவேண்டும்.

வயதைக் கூட்டிக் காட்டும் போலி அடையாள அட்டை இன்னும் மோசம். "எல்லாரும் வெச்சிருக்காங்கப்பா" என்பார்கள். எல்லாரும் அமெரிக்கக் குடிமக்கள்; உங்கள் பிள்ளை அல்ல.

கஞ்சா பற்றியும் கேட்டிருக்க வேண்டும், நீங்கள் கேட்கவில்லை. இல்லினாயிலும் கலிஃபோர்னியாவிலும் 21 வயதானவருக்கு மாநிலச் சட்டத்தில் தடையில்லை. விசாவைத் தீர்மானிப்பது மத்தியச் சட்டம். அதில் கஞ்சா இன்னும் குற்றம். உபயோகித்தேன் என்று விமான நிலையத்தில் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படலாம். கடையில் பில் போட்டு விற்பதால் வெளிநாட்டவருக்கும் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

கேள்வி: மகன் குடிப்பவன் இல்லை. ஆனால் முதல் சில வாரம் நண்பர் பிடிக்கப் போவான். என்ன சொல்லி அனுப்புவது? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம் என்று அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனமே சொல்கிறது. "குடிக்காதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பக்கத்தில் ஒருவன் விழும்போது என்ன செய்வதென்று பிள்ளைக்குத் தெரியாது.

அளவைச் சொல்லிக்கொடுங்கள். அங்கே ஒரு 'டிரிங்க்' என்றால் 14 கிராம் ஆல்கஹால்: 5 சதவீத பீர் என்றால் 355 மி.லி., விஸ்கி, வோட்கா என்றால் சுமார் 44 மி.லி. இரண்டு மணி நேரத்தில் ஆண் ஐந்து, பெண் நான்கைத் தொட்டாலே அபாயக் குடி. பார்ட்டியில் தருகிற சிவப்பு பிளாஸ்டிக் கப் கிட்டத்தட்ட அரை லிட்டர். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் பழச்சாறும் வோட்காவும் கலந்து மொண்டு ஊற்றும் 'ஜங்கிள் ஜூஸ்' என்ற ஒன்று உண்டு. இனிப்பாக இருக்கும், காரம் தெரியாது. ஒரு கப்பிலேயே மூன்று டிரிங்க் இருக்கலாம். தானே திறந்த கேன், மூடியுள்ள தண்ணீர் பாட்டில், இவை தவிர எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

கூட இருப்பவன் எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி, உதடு நீலம் – இதில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 911-ஐ அழைக்கவேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். காபி கொடுப்பது, பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, தூங்கினால் சரியாகும் என்று விடுவது மூன்றும் உதவாது, ஆபத்தைக் கூட்டலாம். உதவிக்கு அழைத்தவர் மீது மதுச் சட்ட நடவடிக்கை எடுக்காமல் விடும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது. ஃபிரெட்டர்னிட்டி வீடுகளில் நடந்த சாவுகளில் திரும்பத் திரும்ப வருவது, பயந்துபோய் அழைக்கத் தாமதித்த அந்த மணிநேரங்கள்தான்.

விடுதிப் படிவத்தில் மது இல்லாத தளம் அல்லது துறைவாரித் தளம் என்று ஒரு தேர்வு இருந்தால் அதைக் குறியுங்கள். அந்தத் தளங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்; முன்பணம் கட்டிய அன்றே விடுதிப் படிவத்தையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அமைதியான ஊரில் பெயர் தெரியாத ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டி, பார்ட்டிக்குப் பெயர்போன பெரிய பல்கலை. இரண்டில் எது? – வாசகர், வேலூர்

பதில்: ஊர் அமைதியா என்பதைக் கடைசியில் பாருங்கள். துறை அடுத்த நான்கு ஆண்டு இருக்குமா என்பதை முதலில் பாருங்கள். மேற்கு வர்ஜீனியா பல்கலை 2007-லும் 2012-லும் பார்ட்டி பட்டியலில் முதலிடம். அங்கே மாணவர்களைப் புரட்டிப்போட்டது குடியா? 2023-ல் பணப் பற்றாக்குறையால் 28 மேஜர்களையும் 143 ஆசிரியர் இடங்களையும் வெட்டினார்கள். பெயர் தெரியாத கல்லூரிகளிலும் இதே கத்தி தொங்குகிறது. துறைப் பக்கத்தில் முழுநேரப் பேராசிரியர் எத்தனை பேர், பொறியியல் என்றால் ஏபெட் (படிப்பின் தரத்துக்குச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் அந்தப் பாடப்பிரிவுக்கே இருக்கிறதா (கல்லூரிக்கு இருந்தால் போதாது), கடந்த இரண்டு ஆண்டில் எந்தப் படிப்பையாவது நிறுத்தினார்களா என்று பாருங்கள்.

பெரிய பல்கலை என்று முடிவானால் ஆனர்ஸ் கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரிசோனா ஸ்டேட்டின் பாரெட் கல்லூரி மாதிரி இடங்களில் தனி விடுதி, சிறு வகுப்பு, கடைசியில் ஆய்வேடு எல்லாம் உண்டு. பெரிய பல்கலைக்குள் ஒரு சிறிய கல்லூரி கிடைத்த மாதிரி.

கேள்வி: பிள்ளை குடித்து மாட்டினால் கல்லூரி எங்களுக்குச் சொல்லுமா? – வாசகி, சென்னை

பதில்: கட்டாயமில்லை. கல்லூரியில் சேர்ந்தவுடன் கல்விப் பதிவுகள் மாணவரின் சொந்த உரிமை. மதிப்பெண்கூடக் கேட்டால் தரமாட்டார்கள். 1998-ல் வந்த திருத்தப்படி, 21 வயதுக்குட்பட்டவரின் மது, போதை மீறலைப் பெற்றோருக்குச் சொல்ல கல்லூரிக்கு அனுமதி மட்டும் உண்டு. சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் கொள்கை. முதல் தடவையே சொல்வார்களா, இரண்டாவது தடவையா, ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டுமா என்று டீன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். மதிப்பெண் பார்க்க வேண்டுமானால், கிளம்புவதற்கு முன்பே மாணவர் போர்ட்டலில் பெற்றோருக்கு அனுமதி தரும் பக்கத்தை மகனையோ மகளையோ திறக்கச் சொல்லி உங்கள் மின்னஞ்சலைச் சேர்த்துவிடுங்கள்.