பாடம் தெரிகிறது, பத்திக் கேள்வியில் மட்டும் மதிப்பெண் வரவில்லை

கேள்வி: என் மகள் புவியியலை நன்றாகப் படிக்கிறாள். நேரடிக் கேள்விகளில் குறை இல்லை. ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து அதை வைத்துக் கேட்கும் கேள்விகளில் பாதி மதிப்பெண்தான் வருகிறது. விடைத்தாளில் ஒருமுறை ‘பத்தியைப் பயன்படுத்தவும்’ என்று எழுதியிருந்தது. அடுத்த முறை ‘பத்தியை அப்படியே எழுதக் கூடாது’ என்று இருந்தது. எதைத்தான் கேட்பது? மாதிரி விடைத் தொகுப்பு ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்த இரண்டு குறிப்புகளைப் பார்ப்போம். இரண்டுமே சரிதான், ஒன்றோடொன்று மோதவும் இல்லை. திருத்துபவர் அதை ஒரே வரியில் சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது. விடைத்தாள் கட்டுகளை அவசரத்தில் தள்ளுகிறவர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்பது வேறு கதை.

பயிற்சிக்காக ஒரு பத்தி எழுதித் தருகிறேன்.

“1960-இல் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரி; பரப்பு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அமு தர்யா, சிர் தர்யா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டதும் ஏரி சுருங்கத் தொடங்கியது. 2007-இல் பழைய பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மிஞ்சியது. நீரில் உப்பு கூடியது. மீன்பிடித் தொழில் நொடித்தது. தெற்கே துறைமுக நகரமாக இருந்த முய்நாக்கில் இன்று தண்ணீரே கண்ணில் படாது. வறண்ட ஏரிப்படுகையிலிருந்து உப்பும் வேளாண் ரசாயனங்களும் கலந்த தூசி காற்றில் பறக்கிறது. 2005-இல் கட்டி முடித்த கோக்-ஆரல் அணையால் வடக்குப் பகுதியில் மட்டும் நீர்மட்டம் உயர்ந்து, மீன்பிடி மீண்டிருக்கிறது.”

கேள்வி: ‘பத்தியைப் பயன்படுத்தி, ஏரி சுருங்கியதால் மக்களுக்கு ஏற்பட்ட விளைவுகளை விளக்குக.’ நான்கு மதிப்பெண்.

பாடம் தெரிந்த பிள்ளை இங்கேதான் வழுக்கும். ஆரல் கடல் என்று பார்த்ததும் சோவியத் காலப் பாசனத் திட்டங்கள், கால்வாய்கள், பருத்தி என்று அரைப் பக்கம் எழுதிவிடும். அத்தனையும் உண்மை, ஆனால் கேட்டது விளைவு, எழுதியது காரணம். அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது. இன்னொரு பிள்ளை ‘நீரில் உப்பு கூடியது, மீன்பிடித் தொழில் நொடித்தது’ என்று பத்தியில் இருப்பதையே எடுத்து எழுதும். கருணை உள்ள திருத்துநர் ஒன்று போடலாம். ‘விளக்குக’ என்று கேட்டிருப்பதால் அதற்கு மேல் அவரும் போட முடியாது.

தேர்வாளர் தேடுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பத்தியிலிருந்து ஒரு வரியைப் பிடித்து, அதன்பின் பத்தியில் இல்லாத ‘அதனால்’ ஒன்றை மகள் சேர்க்க வேண்டும். இப்படி: ‘நீர் குறைந்து உப்பின் அளவு கூடியதால் மீன்கள் பிழைக்க முடியவில்லை. அதனால் மீனவர்கள் வருமானத்தை இழந்தார்கள். மீன் பதப்படுத்தும் ஆலைகளை நம்பியிருந்தவர்களும் வேலை தேடி வெளியேற வேண்டியிருந்தது. உப்பும் ரசாயனமும் கலந்த தூசியைச் சுவாசிப்பதால் மூச்சு சம்பந்தமான நோய்கள் வருகின்றன.’ உப்பும் தூசியும் பத்தியில் உள்ளவை. மீன் பிழைக்காதது, ஆலை வேலை, வெளியேற்றம், மூச்சு நோய் எல்லாம் மகளின் மூளையிலிருந்து வந்தவை. இரண்டு குறிப்புகளும் கேட்டது இதைத்தான்.

எண்களுக்கும் இதே வழி. ‘68,000 சதுர கிலோமீட்டர்’ என்று எழுதினால் நகல். ‘ஐம்பது ஆண்டுக்குள் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது’ என்று எழுதினால் அது பயன்படுத்தியது.

இன்னொன்று, புவியியலுக்கே உரியது. ஒவ்வொரு வரியிலும் ‘இது எங்கே நடக்கிறது?’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ‘அணை கட்டியதும் முய்நாக் மீனவர்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள்’ என்று எழுதுகிற பிள்ளைகள் கணிசமாக உண்டு. பத்தியை மறுபடி பாருங்கள். முய்நாக் தெற்கே இருக்கிறது. அணையால் நீர் ஏறியது வடக்கில் மட்டும். ‘திட்டம் எந்த அளவுக்கு வெற்றி?’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால் அந்த விடையே இந்த இரண்டு திசைகளில்தான் நிற்கிறது. வடக்கில் மீன் வந்தது, தெற்கில் உப்புத் தரைதான். இதைப் பிடிக்காமல் ‘வெற்றி’ என்றோ ‘தோல்வி’ என்றோ எழுதினால் பாதி மதிப்பெண் அங்கேயே போய்விடும்.

விதிவிலக்கு ஒன்றைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பத்தி சொல்வதும் மகளுக்குத் தெரிந்ததும் வேறாக இருந்தால் என்ன செய்வது? 1960-களில் எழுதிய ஒரு பகுதியைக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அதில் ‘ஆரல் கடல் உலகின் நான்காவது பெரிய ஏரி’ என்று நிகழ்காலத்தில் இருக்கும். இன்று அப்படி இல்லை என்று மகளுக்குத் தெரியும். கேள்வி ‘பத்தியின்படி’ என்று தொடங்கினால் பத்தி சொன்னதையே எழுத வேண்டும். அங்கே திருத்தப் புகுந்தால், சரியானதை எழுதியும் மதிப்பெண் போகும். ‘பத்தியையும் உங்கள் அறிவையும் பயன்படுத்தி’ என்றால் இரண்டையும் எழுதலாம். எழுதும்போது எது பத்தி, எது தன் அறிவு என்று பிரித்துக் காட்ட வேண்டும்: ‘பத்தி எழுதப்பட்ட காலத்தில் இது நான்காவது பெரிய ஏரி, பின்னர் பெரும்பகுதி வறண்டுவிட்டது.’ ‘இந்தப் பத்தி எவ்வளவு நம்பத்தக்கது?’ என்று கேட்டாலோ, அந்த முரண்பாடே விடை. யார் எழுதினார், எப்போது, யாருக்காக என்று அங்கேதான் கேட்க வேண்டும். அதிலும் ‘பழையது, எனவே நம்ப முடியாது’ என்று முடித்துவிடக் கூடாது. 1960-இல் ஏரி எப்படி இருந்தது என்று அறிய அந்தப் பழைய பத்தியைவிட நல்ல சாட்சி ஏது?

யார், எப்போது என்ற விவரம் பத்தியின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். கேள்வியைப் படித்ததும் அடுத்துப் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான், பத்தியை அதற்கப்புறம் படிக்கலாம். ஆனால் வினாத்தாள் தயாரிக்கிறவர்களின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். நீண்ட கட்டுரையை வெட்டி எட்டு வரியாக்கி, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் விட்டுவிட்டு, கீழே நம்பகத்தன்மையைப் பற்றிக் கேட்கிறார்கள். பிள்ளை என்ன ஜோசியமா பார்க்கும்? அப்படி வந்தால், ‘எழுதியவரும் காலமும் தரப்படவில்லை, அதனால் முழுதாக நம்ப முடியாது’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு, பத்திக்குள் எண், இடம், எதிர்த்தரப்பு எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இனி அந்த மாதிரி விடைத் தொகுப்பு. பத்திக் கேள்விக்கு மாதிரி விடையை மனப்பாடம் செய்ய முடியாது, ஏனென்றால் பத்தி ஒவ்வொரு முறையும் புதிது. இது விற்கிறவர்களுக்கும் நன்றாகத் தெரியும். அதனால்தான் ‘இந்தச் சொற்கள் இருந்தால் மதிப்பெண் நிச்சயம்’ என்று ஒரு பட்டியலைச் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். நீடித்த வளர்ச்சி, சமூகப் பொருளாதாரத் தாக்கம், சூழல் சமநிலை என்று போகும் பட்டியல். அந்தச் சொற்களைத் தூவிய விடையைப் படித்தால் எந்த ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறது என்றே தெரியாது. மனப்பாடக் கூட்டத்திடமிருந்து வருகிற விடைகள் இன்னும் மோசம். ஆரல் கடல் பத்திக்குக் கீழே சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை வந்து நிற்கும், படித்துவிட்ட பாவத்துக்கு. ‘முன்னாள் தேர்வாளர் தயாரித்தது’ என்று அட்டையில் போட்டிருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

வேறு சிலர் பழைய வினாத்தாள்களையும் விடைக்குறிப்புகளையும் அழகாகக் கட்டி விற்கிறார்கள். பல தேர்வு வாரியங்கள் அவற்றைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கின்றன. வாங்கும் முன் மகளின் வாரியத்தின் தளத்தை ஒருமுறை தேடிப் பாருங்கள். விடைக்குறிப்பு கிடைத்தால், ஏற்கத்தக்க விடைகளை அப்புறம் பார்க்கலாம். சிலவற்றில் ‘ஏற்க வேண்டாம்’ என்று தனியாகக் குறித்திருப்பார்கள். மகள் தன் பழைய விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை முதலில் படிக்கட்டும்.