தார் ரோட்டுமேல் கான்கிரீட்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: பெங்களூரில் பழைய தார் ரோட்டுமேல் அப்படியே கான்கிரீட் போடுகிறார்களே, ஒட்டுமா சார்?

ஒட்டவைத்தால் ஒட்டும். இதற்கு ஒயிட் டாப்பிங் என்று பெயர். தாரின் மேல்பரப்பை மில்லிங் மெஷினால் சுரண்டி, தூசியை ஊதி, கழுவி, அதன்மேல் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்கும். அப்போது 100 முதல் 200 மி.மீ. கனம் போதும். ஒட்டுதலை நம்பாமல் போடுவதானால் 200-க்குக் குறையக் கூடாது. புதுசு ஒன்றுமில்லை, அமெரிக்காவில் டெர்ரே ஹோட் என்ற ஊரில் 1918-லேயே போட்டார்கள். 1991-ல் லூயிவில்லில் குப்பை லாரிகள் போகும் பாதையில் இரண்டு அங்குலம், மூன்றரை அங்குலம் என்று மெல்லிசாகவே போட்டுப் பார்த்தார்கள்.

ஒன்று மட்டும்: மெல்லிய கான்கிரீட்டை ஒரு மீட்டருக்கு ஒன்று என்று கட்டம் கட்டமாக, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுவும் பிளேடு கல்லைப் பிடுங்காத அளவுக்கு இறுகியதுமே. காலையில் வெட்டிக்கொள்ளலாம் என்று தூங்கப் போனால், கான்கிரீட் தானே வெட்டிக்கொள்ளும், கோணல்மாணலாக.

கேள்வி: எத்தனை நாள் வண்டி விடக்கூடாது?

சாதாரணக் கலவை என்றால் 28 நாள். அன்றைக்கு வரும் வலிமையை வைத்துத்தான் கணக்கு.

கேள்வி: எங்கள் தெருவில் போட்டபிறகு மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது.

சுரண்டாமல் போட்டிருப்பார்கள். ரோடு அரை அடி ஏறினால் உங்கள் வாசல்தான் வாய்க்கால்.

கேள்வி: சுரண்டச் சொல்வது சுலபம் சார். எங்கள் தெருவில் தாரே இரண்டு விரல் கனம்தான். சுரண்டினால் என்ன மிஞ்சும்?

நல்ல கேள்வி. சுரண்டியபின் அடியில் 75 மி.மீ. தாராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே இந்த வேலையே வேண்டாம். தோண்டி, அடித்தளத்திலிருந்து புதிதாகப் போடட்டும்.

கேள்வி: அதற்குச் செலவு யார் கொடுப்பது? அதற்குப் பேசாமல் தாரே போடலாமே!

போடலாம். நான் எப்போது வேண்டாமென்றேன்? ஒயிட் டாப்பிங் நெரிசல் மிகுந்த பெரிய சாலைக்கு. சந்துக்கு வேறு வழி உண்டு. எதைப் போட்டாலும் குடிநீர், சாக்கடை, கேபிள் வேலையை முதலில் முடியுங்கள். கான்கிரீட்டைத் தோண்டி ஒட்டுப்போட்டால் அந்த ஒட்டு கடைசிவரை ஒட்டாகவே நிற்கும்.

கேள்வி: மொட்டைமாடி ஒழுகுகிறது, இதையே போடலாமா?

அது வேறு வேலை. கட்டட இன்ஜினியரைக் கேளுங்கள்.

கேள்வி: எத்தனை நாள் கழித்து வண்டி விடலாம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: பைக் மட்டுமாவது?

மேலே, மேலே! போட்ட அன்று ராத்திரி நாய்கூடப் போகக் கூடாது. ஆனால் போகும். எந்தக் கான்கிரீட் ரோட்டிலும் குனிந்து பாருங்கள், தடம் இருக்கும்.