‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காலையில் தெர்மாமீட்டர் 98 காட்டுகிறது, சாயங்காலம் 99.6. உடம்பெல்லாம் அசதி. இது காய்ச்சலா, இல்லையா?

பதில்: பொதுவாக 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால்தான் காய்ச்சல் என்பார்கள். நோய் இல்லாதவருக்கே உடம்புச் சூடு விடியற்காலையில் இறங்கி, சாயங்காலம் ஒரு டிகிரி வரை ஏறும். அதனால் காலை எண்ணைப் பார்த்துவிட்டு ‘விட்டுப்போச்சு’ என்று கிளம்பிவிடாதீர்கள். சாயங்காலமும் ஒருமுறை பாருங்கள்.

எண் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் அளக்கும் விதமே காரணம். தெர்மாமீட்டரின் நுனி நாக்குக்கு அடியில், உள்ளே தள்ளி, ஒரு பக்கமாக இருக்க வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால் வைத்தால் போதாது. உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விட்டு, ‘பீப்’ சத்தம் வரும்வரை காத்திருங்கள். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், எண் குறையும். அப்போது அக்குளில் வைக்கலாம். வியர்வையைத் துடைத்துவிட்டு வையுங்கள். அங்கே வாயைவிட அரை முதல் ஒரு டிகிரி குறைவாகத்தான் காட்டும். நேரம், எண், வாயா அக்குளா என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்தால், டாக்டரிடம் போக நேர்ந்தால் உதவும்.

கேள்வி: பாராசிட்டமாலோடு சளி மாத்திரையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: முதலில் சளி மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல சளி மாத்திரைகளுக்குள் பாராசிட்டமாலும் இருக்கும். சிக்கலே இங்குதான்.

பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது. இப்போது கணக்குப் போடுங்கள்: 650 மி.கி. மாத்திரை நாலு போட்டால் 2,600. நடுவில் 500 மி.கி. பாராசிட்டமால் உள்ள சளி மாத்திரை மூன்று என்றால் 1,500. மொத்தம் 4,100. ‘நாலு மாத்திரைதானே போட்டேன்’ என்பவர் எல்லையைத் தாண்டிவிட்டார். இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் புதிதாகத் தொடங்குவதும் இல்லை. கடைசியாகப் போட்ட வேளையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அளவு மீறினால் கல்லீரல் கெடும். முதல் நாளில் அது வெளியே தெரியாமலும் போகலாம். எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். சூட்டை அளப்பது மாத்திரைக்கு முன்னால். 99 டிகிரியை 98 ஆக்குவதற்காக மட்டும் மாத்திரை வேண்டாம். வலியோ அசதியோ தாங்க முடியாவிட்டால் போடுங்கள்.

கேள்வி: வயிறும் சரியில்லை. தண்ணீர் குடித்தால் வாந்தியாக வருகிறது.

பதில்: தம்ளரைக் கீழே வையுங்கள், ஸ்பூனை எடுங்கள். வாந்திக்குப் பின் பத்து நிமிடம் வயிற்றைச் சும்மா விட்டு, பிறகு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் குடியுங்கள். பேதியும் இருந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாதிப் பாதியாகப் பிரித்தால் அளவு குழம்பும். பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குச் சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். குவியலை விரலால் வழித்துத் தலைதட்டி அளக்க வேண்டும். குடலில் உப்பை உள்ளே இழுக்கக் கொஞ்சம் சர்க்கரை தேவை. ருசிக்காக அதிகம் போட்டால் அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். உப்பு கூடினால் இன்னும் ஆபத்து. கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான், மீதியைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: சளி பச்சையாக வருகிறது. ஆன்டிபயாடிக் வேண்டுமா?

பதில்: நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதிதான் அந்தப் பச்சைக்குக் காரணம். வைரஸ் சளியிலும் அது வரும். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. போன தடவை மிச்சமானதை எடுத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எப்போது வீட்டில் இருப்பதை விட்டு டாக்டரிடம் ஓட வேண்டும்?

பதில்: மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், குனிய முடியாதபடி கழுத்து விறைப்பு, இவற்றில் ஏதாவது வந்தால் உடனே. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், குடித்தது எதுவும் தங்காமல் சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலும் அன்றைக்கே. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இவ்வளவு காத்திருக்காதீர்கள்.

கேள்வி: காய்ச்சலோடு குளிக்கலாமா? வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

பதில்: குளிக்கலாம், வெதுவெதுப்பான நீரில். குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கொண்டுவரும். நடுக்கம் உடம்புச் சூட்டை ஏற்றும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். அதனால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள், கதவை உள்ளே தாழிடாதீர்கள்.