மாதவிடாய் தள்ளிப்போவது பற்றி

தோழி, பெங்களூரில் மடிவாளாவிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு தினம் போய்வருகிறீர்கள், 2 மாதமாக மாதவிடாய் இல்லை, முடி கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். காலையில் வெறும் காபியோடு கிளம்புவதாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. ஓயாத மன அழுத்தத்தில் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் சமிக்ஞை தடுமாறும், கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். வயிறும் காய்ந்தால் இன்னும் மோசம். உங்கள் மேல் தப்பே இல்லைங்க.

ராத்திரியே ராகிக் கூழ் காய்ச்சி வையுங்கள். காலையில் மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் நின்றுகொண்டே ஒரு டம்ளர் குடித்துவிடலாம். காபி ஒரு மணி நேரம் கழித்து. சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.

ஆனால் கூழை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் சோதனை) எல்லாம் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.