முதல் நாளே கண்டிப்பைக் காட்டணுமா?

பல்கலைக்கழக மகளிர் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வுபெற்றவர், விடுதி வேலை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: எனக்கு 32 வயது. சமூகப்பணியில் முதுகலை முடித்திருக்கிறேன். ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிர் விடுதியில் ரெசிடென்ட் வார்டன் வேலை கிடைத்திருக்கிறது. 300 பெண்கள். விடுதி வளாகத்திலேயே குவார்ட்டர்ஸ். ‘முதல் நாளே கண்டிப்பைக் காட்டிவிடு, இல்லாவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள்’ என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் குரலை உயர்த்திப் பேசவே வராது. எங்கிருந்து தொடங்குவது மேடம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வாழ்த்துகள் அம்மா. குரலை உயர்த்தத் தெரியாதது இந்த வேலைக்கு ஒரு குறையே இல்லை. நான் பார்த்த நல்ல வார்டன்களில் பலர் மெதுவாகப் பேசுகிறவர்கள்தான்.

ஊரிலிருந்து திரும்பி வரும் பெண் ஒருத்திக்கு வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட் மூடும் நேரம் தாண்டிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கிறாள். அவள் முதலில் யாருக்குப் போன் செய்வாள்? உங்களுக்கு என்றால், ஆட்டோ நம்பரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, நீங்களே போய் கேட்டில் நிற்கலாம். தோழிக்குப் போன் செய்து ‘எனக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுடி’ என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு உங்கள் ரிஜிஸ்டரில் 300 கையெழுத்தும் இருக்கும். ஒரு பெண் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. திட்டுக்குப் பயந்து மறைக்கிற பெண்ணை உங்களால் காப்பாற்ற முடியாது. கண்டிப்பைப் பற்றி யார் வந்து என்ன சொன்னாலும் இதை வைத்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட் மூடும் நேரம், அவுட்பாஸ், வீட்டுக்குப் போகும்போது லீவ் லெட்டர் எல்லாம் இருக்கட்டும். ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே போன் செய்தவளையும், ஒன்றும் சொல்லாமல் வந்து நிற்பவளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். போன் செய்தவளுக்கு ரிஜிஸ்டரில் ஒரு வரி, ‘சாப்பிட்டியா?’ என்று ஒரு கேள்வி, அவ்வளவு போதும். இந்தச் செய்தி ஒரே வாரத்தில் விடுதி முழுக்கப் பரவிவிடும். நீங்கள் நோட்டீஸ் ஒட்ட வேண்டியதே இல்லை.

மாணவிகள் வருவதற்கு முன்னால் சில நாள் கிடைத்தால், பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட வைத்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடந்து வாருங்கள். ஒவ்வொரு குளியலறைக்குள்ளும் போய் நின்று தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். வெளியே நின்று எட்டிப் பார்த்தால் கதவு நன்றாகத்தான் தெரியும். உள்ளே நின்றால்தான் தாழ்ப்பாள் ஓட்டையில் விழாததும், ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை செருகியிருப்பதும் கண்ணில் படும். மாடிப்படி கிரில் கேட்டை ராத்திரி பூட்டும் வழக்கம் இருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். தீ என்று யாராவது கத்தும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. விடுதியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கும் கணக்கு. உங்கள் தொட்டியின் கொள்ளளவு அதற்குக் காணுமா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். நாப்கின் போடும் தொட்டி ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் கவனிக்காத வார்டன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினால் பெண்கள் காதில் ஏறாது.

வேலையாட்களிடம் மரியாதையாகப் பழகுங்கள். பல வருஷமாக அங்கேயே இருக்கும் துப்புரவு அக்காவுக்குத்தான் எந்த அறையில் யார் இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை, யார் பாத்ரூமில் நின்று அழுதாள் என்பது முதலில் தெரியும். அவர் வந்து சொல்லும்போது நின்று கேளுங்கள்.

அப்புறம் மெஸ். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உங்கள் சாப்பாடு கேரியரில் குவார்ட்டர்ஸுக்கு வர வேண்டாம். தட்டை எடுத்துக்கொண்டு நீங்களே வரிசையில் நில்லுங்கள். அதிலும் கடைசி ஆட்களோடு நில்லுங்கள். முதல் பந்திக்குச் சாம்பாராக இருந்தது, லேப் முடிந்து ஓடி வரும் பெண்ணுக்கு ரசமாகியிருக்கும். பொரியல் தீர்ந்திருக்கும். இதை நீங்கள் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சமையல் மாஸ்டரிடம் பேசுவதற்கும், புகார் நோட்டைப் பார்த்துப் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்தால் இன்னொன்றும் தெரியும். பல விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம்தான். மாதத்தின் மொத்தச் செலவை எல்லோரும் சாப்பிட்ட மொத்த நாட்களால் வகுத்து ஒரு நாள் ரேட் எடுப்பார்கள். அதை அவரவர் இருந்த நாட்களால் பெருக்கினால் மெஸ் பில். எங்கள் விடுதியில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி வாராவாரம் லீவ் லெட்டரோடு வந்து நிற்பாள். வியாழன் சாயங்காலம் கிளம்பினால் திங்கட்கிழமைதான் வருவாள். வெள்ளிக்கிழமை லேப் வாராவாரம் போய்க்கொண்டிருந்தது. வீட்டு ஏக்கம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் மெஸ்ஸில் அவளைப் பார்த்தால் ஏக்கத்தில் இருக்கும் பெண் மாதிரி இல்லை. தோழிகளோடு சிரித்துப் பேசி நன்றாகச் சாப்பிடுவாள். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘இல்ல மேம், ஊருக்குப் போனா ரிடக்‌ஷன் கிடைக்கும்ல’ என்றாள். உதவித்தொகை இன்னும் வரவில்லை. அப்பாவுக்குக் கூலி வேலை. மெஸ் நாட்களைக் குறைத்துப் பில்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். உதவித்தொகை வரும்வரை நிலுவையைக் கேட்க வேண்டாம் என்று சீஃப் வார்டனுக்கு எழுதினேன். அவரும் ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவள் லேபில் இருந்தாள்.

அதனால் மெஸ் பாக்கிப் பட்டியலைப் பெயர் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டும் பழக்கம் உங்கள் விடுதியில் இருந்தால், தயவுசெய்து முதல் மாதமே நிறுத்திவிடுங்கள். பாக்கி வைத்திருப்பவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாலே போதும்.

கேள்வி: நான் பொறியியல் துறை உதவிப் பேராசிரியர். ஆண்கள் விடுதிக்கு டெபுடி வார்டன் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சீனியர்கள் ‘சும்மா இன்ட்ரோதான் சார்’ என்கிறார்கள். எல்லாவற்றையும் ராகிங் என்று பார்க்க வேண்டுமா?
- வாசகர், சேலம்

பதில்: ஆமாம், பாருங்கள். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் மறு வருஷமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்னும் தெளிவாக இருக்கின்றன. புதிய மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும், வார்டன் எந்த நேரமும் போனில் கிடைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பொறுப்பு கூடுதலாகக் கொடுத்ததாக இருந்தாலும் இந்தக் கடமை உங்களுக்குக் குறையாது.

என்னிடம் வந்து புகார் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள் சார். முதலாம் ஆண்டுப் பையன் வாயைத் திறக்க மாட்டான். அவனைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். திடீரென்று பத்துப் பேர் ஒரே நாளில் மீசையை எடுத்துவிட்டு வருவார்கள். வராண்டாவில் தலையைக் குனிந்தபடியே நடப்பார்கள். சீனியர்கள் சாப்பிடும் நேரத்தில் மெஸ் பக்கமே வர மாட்டார்கள். ஒருவன் கேன்டீனில் ஐந்தாறு பார்சல் வாங்கிக்கொண்டு மேல் தளத்துக்குப் போவான். யாருடைய ரெக்கார்டு நோட்டையோ இவன் விடிய விடிய எழுதிக்கொண்டிருப்பான். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கு ராத்திரியே ரவுண்ட்ஸ் போங்கள். பதினொன்றரைக்கு மேல் போங்கள்.

யுஜிசி ஹெல்ப்லைன் 1800-180-5522 எண்ணை ஆபீஸ் வாசலில் மட்டும் ஒட்டாமல், கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். பையன் தனியாக நிற்கிற ஒரே இடம் அதுதான். யார் புகார் கொடுத்தது என்று சீனியர்கள் முன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள்.

கேள்வி: என் விடுதிப் பெண்களின் பெற்றோர் சிலர், ராத்திரி போனை வாங்கி வைத்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறார்கள். செய்யலாமா?
- வார்டன், ஈரோடு

பதில்: வேண்டாம். கேரளாவில் ஒரு கல்லூரி மகளிர் விடுதியில் சாயங்காலம் ஆறு முதல் பத்து வரை போன் கூடாது என்றார்கள். ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஏற்கவில்லை, விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2019இல் கேரள உயர் நீதிமன்றம், இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பெற்றோரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பதினெட்டு வயது தாண்டிய பெண்கள் அவர்கள். அறையில் கூட இருப்பவள் தூங்க வேண்டும், அதனால் பதினொன்றுக்கு மேல் வெளியே போய்ப் பேசு என்று சொல்லலாம். அதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ஒரு மாணவி, ‘வாழவே பிடிக்கலை மேம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க’ என்று அழுதாள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை.
- பெயர் வேண்டாம்

பதில்: உங்களைத் தேடி வந்து சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கைக்காகவே நீங்கள் வாக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்றைக்கே அவளிடம் போய், ‘உன்னை நான் தனியா விட முடியாதும்மா. உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லப்போறேன், நீயும் கூட வா’ என்று சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் கேட்டதும் மனம் கொஞ்சம் லேசாகும். இருக்கிறது என்று சொன்னால் அவளை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

14416 என்பது டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். நீங்களும் பேசலாம், என்ன செய்வது என்று கேட்கலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மூடி மறைக்கும் பழக்கம் நம் விடுதிகளில் இன்னும் இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பெற்றோருக்குச் சொல்லும்போது, வீட்டில் நிலைமை எப்படி என்று முதலில் அவளிடமே கேளுங்கள். ‘உடனே வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று போன் செய்து கை கழுவுவதும், அவளைத் தனியாக பஸ் ஏற்றிவிடுவதும் கூடவே கூடாது. அவளோடு உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட வையுங்கள். நாளைக்கும், நாளை மறுநாளும் அவள் அறைக்குப் போங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவள்தான், இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். கணவருக்கு வெளியூரில் வேலை. விடுதிக்குள் குழந்தையை வளர்ப்பது சரியாக வருமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: வரும். பிள்ளை நிறைய அக்காமாரோடு சந்தோஷமாக வளர்வாள். ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ளவும், வீட்டுப்பாடம் சொல்லித் தரவும் மாணவிகளைக் கூப்பிடாதீர்கள். வார்டன் கேட்டால் அவர்களால் முடியாது என்று சொல்ல முடியாது. வாரத்தில் ஒரு நாள் உங்களுக்கு விடுப்பு உண்டா, அன்றைக்குப் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். நடு ராத்திரி ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி என்று 108இல் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். விடியும்வரை அங்கே இருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் மகளோடு யார் படுத்துக்கொள்வார்கள்? உங்கள் அம்மாவா, பக்கத்து பிளாக் வார்டனா என்று வேலையில் சேரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.